குதிகால் ரத்தத்தில் மீந்த பொட்டுகள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தம், பரிசோதனை முடிந்த பிறகும், அதைச் சொட்டவிட்டுக் காயவைத்த அட்டையில் கொஞ்சம் மீந்திருக்கும். பல நாடுகளில் அதைப் பத்திரப்படுத்திக் குழந்தை நல ஆராய்ச்சிக்குத் தருகிறார்கள். புதிதாகப் பெற்றோர் ஆனவர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலர் பயத்தோடு கேட்கிறார்கள், சிலர் கோபத்தோடு. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

என் சார்பு என்ன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அட்டைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கும் ஆள் நான். பெற்றோரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது என்றும் அதே அளவுக்கு நினைக்கிறேன்.

குழந்தை பிறந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் குதிகாலில் குத்துகிறார்களே, எதற்கு?

வெளியே தெரியாத சில பிறவிக் கோளாறுகளை, அவை சேதம் செய்வதற்கு முன்பே பிடிப்பதற்கு. பிறந்தபோது நன்றாக இருக்கும் குழந்தைக்குத் தைராய்டு சுரப்பு குறைவாக இருக்கலாம். அல்லது பாலில் இருக்கும் ஒரு புரதக் கூறை உடம்பு செரித்துக் கழிக்க முடியாமல் இருக்கலாம். அறிகுறி தெரிகிற வரை காத்திருந்தால் மூளை பாதிக்கப்பட்டுவிடும். முதல் சில வாரங்களுக்குள் மருந்தோ உணவுக் கட்டுப்பாடோ தொடங்கினால், பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும்.

இதைத் தொடங்கிவைத்தவர் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர். அவருடைய மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு இருந்தது. அவர் உறவில் ஒரு பெண் குழந்தைக்கு ஃபினைல்கீட்டோனூரியா என்ற வளர்சிதைமாற்ற நோய் இருந்தது. வடிதாளில் காயவைத்த ஒரு பொட்டு ரத்தத்தைக் கொண்டே அந்த நோயைக் கண்டுபிடிக்கும் முறையை 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அதனால்தான் இந்த அட்டையை இன்றும் பல இடங்களில் கத்ரி அட்டை என்கிறார்கள். நாள் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எடுப்பார்கள், பிரிட்டனில் ஐந்தாம் நாள்.

ஆராய்ச்சிக்காகக் கூடுதலாக ரத்தம் எடுக்கிறார்களா?

இல்லை. அட்டையில் வழக்கமாக ஐந்து வட்டங்கள் வரை இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 12 மில்லிமீட்டர் அகலம். மொத்தமும் சில சொட்டுகள்தான். ஆய்வுக்கூடத்தில் அதிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் துண்டுகளை வெட்டி எடுப்பார்கள். அப்படி ஒரு துண்டில் இருப்பது ஏறக்குறைய 3 மைக்ரோலிட்டர் ரத்தம். ஒரு சொட்டில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முதல் சோதனையில் சந்தேகம் வந்தால் மறுபடி பார்ப்பதற்காகவே கொஞ்சம் அதிகம் எடுக்கிறார்கள். அப்படி மறுபடி பார்க்கும் தேவை பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை. அதனால் மீதி இருக்கிறது.

சரி, டெஸ்ட் முடிந்ததும் அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்தானே?

பெரும்பாலான பெற்றோர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை நிலவரம் ஊருக்கு ஊர் வேறு. ஜெர்மனியில் மூன்று மாதத்துக்குள் அழித்துவிட வேண்டும். பிரிட்டனில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறது: ஒரு மாநிலத்தில் சில வாரங்கள், இன்னொன்றில் காலவரையறையே இல்லை. டென்மார்க் 1982 முதலும் ஸ்வீடன் 1975 முதலும் பிறந்த குழந்தைகளின் அட்டைகளைச் சேர்த்துவைத்திருக்கின்றன.

எல்லா நாடுகளிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை நடப்பதும் இல்லை. அதனால் இணையத்தில் படித்த ஒரு நாட்டின் விதியை உங்கள் ஊர் விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் எடுக்கும் இடத்திலேயே, “பரிசோதனைக்குப் பிறகு அட்டை எத்தனை வருடம் இருக்கும், யார் பொறுப்பில் இருக்கும்?” என்று கேட்பதுதான் சரியான வழி. அதைக் கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

காய்ந்த ரத்தம் இத்தனை வருடம் கெடாமல் இருக்குமா?

எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. டிஎன்ஏ ஆச்சரியப்படும் அளவுக்கு உறுதியானது. இருபது, முப்பது ஆண்டு பழைய அட்டையிலிருந்தும் எடுத்துப் படிக்க முடிகிறது. நொதிகள் அப்படியில்லை. வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் சீக்கிரம் செயலிழந்துவிடும். அமினோ அமிலங்களும் கொழுப்பைச் சார்ந்த சில வேதிப்பொருள்களும் அறை வெப்பத்தில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும்.

அதனால் எப்படிச் சேமித்தார்கள் என்பது முக்கியம். டென்மார்க்கில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறார்கள். அட்டைப் பெட்டியில் போட்டு அலமாரியில் அடுக்கிய இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட அட்டைகளில் டிஎன்ஏ பார்க்கலாம், நுட்பமான ரசாயன அளவுகளை நம்பி முடிவு சொல்வது கஷ்டம்.

ஆராய்ச்சிதான் வேண்டுமென்றால் நோய் வந்த பிள்ளையிடம் புதிதாக ரத்தம் எடுக்கலாமே, இந்தப் பழைய பொட்டு எதற்கு?

நான் அதிகம் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது. நோய் வந்த பிறகு எடுக்கும் ரத்தம், நோய் வந்த பிறகான நிலையை மட்டுமே சொல்லும். அது எப்போது ஆரம்பித்தது? கருப்பையிலா, பிறந்த பிறகா? இதைச் சொல்ல, அந்தக் குழந்தை பிறந்த வாரத்தில் எடுத்த ரத்தம் வேண்டும். அப்போது அது நோயாளி என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் உள்ளவர்களின் ஞாபகத்தை நம்பவும் வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் மெல் கிரீவ்ஸ் குழுவினர், ஐந்து மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் லுக்கீமியா வந்த மூன்று குழந்தைகளின் பழைய குதிகால் அட்டைகளைத் தேடி எடுத்தார்கள். புற்றுநோய் செல்களில் இருந்த அதே மரபணு முறிவு, பிறந்தபோது எடுத்த ரத்தத்திலும் இருந்தது. 1999-ல் வயதில் இன்னும் பெரிய குழந்தைகளிடமும் இதேபோல் வேறொரு மாற்றத்தைக் காட்டினார்கள். நோயின் முதல் படி தாயின் வயிற்றிலேயே நடந்துவிடுகிறது என்பதற்கு நேரடிச் சான்று கிடைத்தது. அந்த மாற்றம் இருந்தாலே புற்றுநோய் வந்துவிடாது, பிறந்த பிறகு இன்னொரு மரபணு பாதிப்பும் சேர வேண்டும் என்பதும் இந்த வழியில் நடந்த ஆய்வுகளில்தான் தெளிவானது. “நான் ஊட்டிய உணவால்தான் வந்ததோ, நான் கவனிக்காததால்தான் வந்ததோ” என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும் தாய்க்கு இந்தத் தகவல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் வைத்து ஆராய்ந்தால், வர வசதி இல்லாதவர்கள் விட்டுப்போவார்கள். குதிகால் பரிசோதனை நன்றாக நடக்கும் நாட்டில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளின் பொட்டும் அட்டையில் இருக்கும். நோய் வராத குழந்தைகளின் அட்டைகளும் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கும்.

இதனால் ஒரு குழந்தையாவது பிழைத்திருக்கிறதா? கட்டுரை எழுதுவதோடு சரியா?

பிழைத்திருக்கிறார்கள். நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. பிறந்தபோது எந்தக் குறையும் தெரியாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் தீர்ந்ததும் ஒரு சாதாரணக் கிருமிகூட உயிரை எடுத்துவிடும். இவர்களைப் பிறந்த உடனேயே கண்டுபிடிக்க முடியுமா என்று ஜெனிஃபர் பக் என்ற மருத்துவ ஆய்வாளரும் சக ஆய்வாளர் ஒருவரும் முயன்றார்கள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் உருவாகும்போது துணைப்பொருளாக வரும் சிறு டிஎன்ஏ வளையங்களை, காய்ந்த ரத்தப் பொட்டில் எண்ணலாம் என்று 2005-ல் காட்டினார்கள். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, இந்த நோய் ஏற்கெனவே உறுதியான பிள்ளைகளின் சேமித்த அட்டைகள் தேவைப்பட்டன. பெயர் நீக்கிய ஆரோக்கியமான குழந்தைகளின் அட்டைகளும் தேவைப்பட்டன. 2008-ல் விஸ்கான்சின் மாநிலம் இதை எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யத் தொடங்கியது. 2010-ல் அமெரிக்காவின் தேசியப் பரிந்துரைப் பட்டியலில் சேர்ந்தது. மூன்றரை மாதத்துக்குள் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 94 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்ததாக 2014-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

எந்தப் புதிய பரிசோதனையைச் சேர்ப்பதற்கு முன்பும் இதே தேவை வரும். எந்த அளவுக்கு மேல் போனால் ‘சந்தேகம்’ என்று கோடு போடுவது? தவறான இடத்தில் போட்டால் நல்ல பிள்ளைகளின் பெற்றோர் வீணாகத் தவிப்பார்கள், அல்லது நோயுள்ள பிள்ளை கண்ணில் படாமல் விட்டுப்போகும். பழைய அட்டைகள் இருந்தால் அந்தக் கோட்டை முன்கூட்டியே சரிபார்த்துவிடலாம்.

என் பையனுக்கு இரண்டு வயதில் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. பழைய அட்டையில் காரணம் தெரியுமா?

தெரிய வாய்ப்பு உண்டு. கர்ப்ப காலத்தில் சைட்டோமெகலோ வைரஸ் தொற்றினால் குழந்தைக்குச் செவித்திறன் போகலாம், சில சமயம் பிறந்து மாதங்கள் கழித்தும் போகலாம். ஆனால் பிறந்த மூன்று வாரத்துக்குள் எடுத்த மாதிரியில் வைரஸ் இருந்தால்தான், அது கருவிலேயே வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டு வயதில் எடுக்கும் ரத்தம் அதைச் சொல்லாது. குதிகால் அட்டை இன்னும் இருந்தால் அதில் தேடலாம். வைரஸ் கிடைத்தால் பதில் கிடைத்தது. கிடைக்காவிட்டால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை, காய்ந்த பொட்டில் தொற்று தப்பிவிடுவதும் உண்டு. உங்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ மரபியல் மருத்துவரிடமோ அட்டையைப் பற்றி நீங்களே பேச்செடுங்கள். அவருக்கும் அந்த ஞாபகம் வராமல் போகலாம்.

மனநலம், ஆட்டிசம் மாதிரி விஷயங்களுக்கும் இதில் பதில் தேடுகிறார்களாமே?

டென்மார்க்கில் நிறைய நடக்கிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண் உண்டு. அதனால் பிறந்தபோதைய அட்டையையும் பிற்கால மருத்துவப் பதிவையும் சேர்த்துப் பார்க்க முடியும். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், பிற்காலத்தில் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் வந்த 424 பேரின் பிறந்தபோதைய வைட்டமின் டி அளவை, வராதவர்களோடு ஒப்பிட்டார்கள். அளவு குறைவாக இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம், மிக அதிகமாக இருந்தவர்களுக்கும் அதிகம் என்று வந்தது. கவனக்குறைவு மிகைச்செயல்பாடு எனப்படும் ஏடிஹெச்டி பற்றி 2019-ல் வந்த பெரிய மரபணு ஆய்விலும், பெரும்பகுதி மாதிரிகள் டென்மார்க்கின் குதிகால் அட்டைகள்தான்.

இதைப் படித்துவிட்டு “அப்படியானால் என் குழந்தைக்கு வருமா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்கிறார்கள். முடியாது. இவை ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் சின்னச் சின்னச் சாய்வுகள். தனி ஒரு குழந்தையின் எதிர்காலத்தை இதில் படிக்க முடியாது.

குழந்தையின் ரத்தத்தில் தாயைப் பற்றியும் தெரிந்துவிடுமா?

தெரியும், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. தாயின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வருகின்றன. சூழலில் இருந்து தாய் உடம்பில் சேர்ந்த சில மாசுகளும் வருகின்றன. சுப்பீரியர் ஏரியைச் சுற்றிய மூன்று அமெரிக்க மாநிலங்களில், 1,465 குழந்தைகளின் பொட்டில் பாதரசம் எவ்வளவு என்று பார்த்தார்கள். சுமார் 8 சதவீதம் பேரிடம் பாதுகாப்பு அளவைத் தாண்டியிருந்தது. கர்ப்பிணிகள் எந்த மீனைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்வதற்கு இது உதவும்.

இதன் வலிக்கும் பக்கமும் ஒன்று உண்டு. 1988 முதல் அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளின் அட்டைகளில் எச்ஐவி எதிர்ப்புப் பொருளைத் தேடினார்கள், எத்தனை தாய்மாருக்குத் தொற்று இருக்கிறது என்று கணக்கெடுக்க. பெயர் நீக்கிவிட்டதால் யாருக்கும் முடிவைச் சொல்லவில்லை. சிகிச்சையே இல்லாத காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. 1994-ல் மருந்து கொடுத்தால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவது மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்று தெரிந்த பிறகு, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது சரியா என்ற கேள்வியைத் தாங்க முடியவில்லை. 1995-ல் நிறுத்தினார்கள். ஆராய்ச்சி நல்லதாகவே இருந்தாலும், அதைச் செய்யும் முறை காலத்தோடு தவறாகிவிடலாம் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

எங்களைக் கேட்காமலே ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடுவார்களா?

சில இடங்களில் ஆம். நடைமுறையில் மூன்று விதம் உண்டு. முதலாவது, எழுத்தில் சம்மதம் வாங்குவது. மிச்சிகன் மாநிலம் 2010 முதல் இப்படிச் செய்கிறது. இரண்டாவது, தகவல் சொல்லிவிட்டு, மறுத்தவர்களை மட்டும் விலக்குவது. டென்மார்க்கில் ஆராய்ச்சி வேண்டாம் என்பவர்கள் அதற்கென்று உள்ள பதிவேட்டில் சேர்ந்துகொள்ளலாம். மூன்றாவது, சட்டத்தில் இடம் இருக்கிறது என்று பேசாமல் பயன்படுத்துவது.

மூன்றாவதை நான் ஏற்கவில்லை. “கேட்டால் மறுத்துவிடுவார்கள், அப்புறம் மாதிரியே கிடைக்காது” என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவம் வேறு. பொறுமையாக, குழந்தை பெற்ற வலியும் தூக்கமின்மையும் கொஞ்சம் தணிந்த பிறகு கேட்டால், நிறையப் பேர் சரி என்கிறார்கள். பிரசவ வார்டில் பத்துக் காகிதங்களுக்கு நடுவே பதினோராவதாக நீட்டுவது கேட்பதாகாது. கர்ப்ப கால பரிசோதனைகளின்போதே இந்தப் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.

லட்சக்கணக்கான அட்டைகளை எரித்துவிட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?

அழித்தார்கள், உண்மைதான். டெக்சஸ் மாநிலம் 2002 முதல் பெற்றோருக்குச் சொல்லாமல் அட்டைகளைச் சேர்த்துவைத்திருந்தது. 2009-ல் சில பெற்றோர் வழக்குப் போட்டார்கள். சமரசமாகி, 2010-ல் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை அழித்தார்கள். அதே ஆண்டில், சில நூறு அட்டைகள் ராணுவத்தின் டிஎன்ஏ ஆய்வகத்துக்குப் போனது பத்திரிகை வழியாக வெளியே வந்தது. மின்னசோட்டாவில் 2011-ல் மாநில உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2014-ல் பதினொரு லட்சம் அட்டைகள் போயின.

இந்த இரண்டு கதைகளையும் சொல்லும்போது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். அந்த அட்டைகளில் எத்தனை குழந்தைகளின் நோய்க்கான பதில் இருந்திருக்கும். வழக்குப் போட்ட பெற்றோர் அறிவியலுக்கு எதிரிகள் அல்ல. “கேட்டிருந்தால் கொடுத்திருப்போம்” என்பதுதான் அவர்களில் சிலர் சொன்னது. ஒரு தாளும் ஒரு கேள்வியும் மிச்சம் பிடிக்கப் போய், ஆண்டுக்கணக்கில் சேர்த்ததை இழந்தார்கள்.

பெயரை நீக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

பாதி தீரும். வழக்கமாகப் பெயர், முகவரிக்குப் பதில் ஒரு குறியீட்டு எண் கொடுப்பார்கள். அந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஆராய்ச்சியாளரிடம் இல்லாமல் வேறொருவர் பொறுப்பில் இருக்கும். இதனால் கவனக்குறைவாகத் தகவல் கசிவதைத் தடுக்கலாம்.

ஆனால் டிஎன்ஏவே ஓர் அடையாளம். சரியாகத் தேர்ந்தெடுத்த நூற்றுக்கும் குறைவான மரபணு இடங்கள் போதும், ஒரு மனிதரைப் பிரித்துக் காட்ட. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு டிஎன்ஏ தகவல் கையில் இருந்தால் எண்ணுக்குப் பின்னால் இருப்பவரைக் கண்டுபிடிக்க முடியும். அதனால் “முழுக்க அடையாளமற்றது” என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். “திரும்ப அடையாளம் காண முயல மாட்டோம் என்று ஒப்பந்தம் இருக்கிறதா, மீறினால் என்ன தண்டனை?” என்று கேளுங்கள்.

போலீஸ் கையில் கிடைத்தால்?

கிடைத்திருக்கிறது. 2003-ல் ஸ்வீடன் வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்ட் கொலை வழக்கில், சந்தேக நபரின் குதிகால் அட்டை காவல்துறைக்குப் போனது. நியூஜெர்சியில் ஒரு குழந்தையின் அட்டையை வாங்கி, அதன் வழியாக 1996-ல் நடந்த ஒரு குற்றத்தில் அதன் தந்தையைச் சந்தேகித்ததாக 2022-ல் வழக்கு வந்தது. அங்கே அப்போது 23 ஆண்டுகள் அட்டையை வைத்திருந்தார்கள். 2024-ல் பெரும்பாலான அட்டைகளுக்கு இரண்டு ஆண்டுகளாகக் குறைத்தார்கள்.

குற்றவாளி பிடிபட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ரத்தம் குழந்தையின் உயிரைக் காக்க என்று சொல்லி எடுத்தது. அதை அப்பாவுக்கு எதிராகத் திருப்பினால், அடுத்த அப்பா பரிசோதனையே வேண்டாம் என்பார். நோயைக் கண்டுபிடிக்காமல் இழப்பது அந்தக் குழந்தை. ஆகவே காவல்துறை தொட முடியாதபடி சட்டமே தடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஸ்வீடனில் இன்னொன்றும் நடந்தது. 2004 டிசம்பர் சுனாமியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஸ்வீடன் நாட்டவர் இறந்தார்கள். உடல்களை அடையாளம் காண இந்த அட்டைகளைப் பயன்படுத்தத் தற்காலிகமாகச் சட்டத்தை மாற்றினார்கள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகப் பேசி, காலவரையறை போட்டு, குடும்பங்களுக்காகச் செய்தது அது.

இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தெரிந்தால் பிற்காலத்தில் பாலிசி மறுப்பார்களா?

ஆராய்ச்சி முடிவு தனிநபர் பெயரில் வெளியே போகாது என்பதால் நேரடி ஆபத்து குறைவு. சட்டப் பாதுகாப்பு நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் 2008-ல் வந்த சட்டம், மரபணுத் தகவலை வைத்து மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கு அது பொருந்தாது. உங்கள் நாட்டில் ஆயுள் காப்பீட்டுக்கு என்ன விதி என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சியில் என் குழந்தைக்கு ஏதோ நோய் இருப்பது தெரிந்தால் சொல்வார்களா?

பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். குறியீடு போட்ட மாதிரியில், தரம் உறுதி செய்யாத சோதனையில், பிறந்து பத்து வருடம் கழித்து வந்த முடிவு அது. தவறாகவும் இருக்கலாம். ஆனால் எச்ஐவி கணக்கெடுப்பு பற்றி மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். சிகிச்சை உள்ள, உறுதியான ஒரு முடிவு தற்செயலாகக் கிடைத்தால் என்ன செய்வது என்று ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். சம்மதப் படிவத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான பரிசோதனையின் முடிவு வேறு விஷயம். அதில் சந்தேகம் இருந்தால் உடனே கூப்பிட்டுச் சொல்வார்கள்.

எல்லா மரபணுக்களையும் ஒரேயடியாகப் படித்துவிட்டால் இந்த ரசாயன டெஸ்ட்டே வேண்டாமே?

கலிஃபோர்னியாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள், சேமித்த அட்டைகளை வைத்தே. 2020-ல் முடிவு வந்தது. வளர்சிதைமாற்ற நோய் உள்ள குழந்தைகளை வழக்கமான ரசாயனச் சோதனை நூற்றுக்கு 99 என்ற அளவில் கண்டுபிடித்தது. மரபணுவின் முக்கியப் பகுதிகளைப் படித்த முறை கண்டுபிடித்தது 88. மரபணு எழுத்தில் மாற்றம் தெரிந்தாலும் அது நோய் தருமா தராதா என்று பல நேரம் சொல்ல முடிவதில்லை. ரசாயனச் சோதனை சந்தேகம் சொன்ன பிறகு உறுதிப்படுத்த மரபணுப் படிப்பு நன்றாக உதவும். ரசாயனச் சோதனையின் இடத்தை அது பிடிக்கும் நிலை இன்னும் வரவில்லை. பார்த்தீர்களா, இதைச் சொல்வதற்கும் பழைய அட்டைகள்தான் தேவைப்பட்டன.

என் பிள்ளை ரத்தத்தை வைத்து ஏதோ கம்பெனி பணம் பண்ணினால்?

ஆய்வுக்கு மாதிரி தரும் வங்கிகள் எடுத்துக் கொடுக்கும் செலவுக்குக் கட்டணம் வாங்குவது உண்டு. கேட்பது பல்கலைக்கழகமாகவும் இருக்கலாம், நிறுவனமாகவும் இருக்கலாம். நிறுவனம் என்பதற்காகவே நான் எதிர்க்க மாட்டேன். புதிய பரிசோதனைக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் அவர்கள்தான். ஆனால் யாருக்கு, எதற்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். மாதிரிகள் தீர்ந்துபோகும் பொருள். எந்த ஆய்வுக்குத் தரலாம் என்று தீர்மானிக்கும் நெறிமுறைக் குழுவில் பெற்றோர் ஒருவராவது உட்கார வேண்டும்.

ஆராய்ச்சிக்கு மாட்டேன் என்றால் பரிசோதனையையும் சரியாகச் செய்ய மாட்டார்களோ?

இரண்டும் வேறு வேறு. ஆராய்ச்சிக்கு மறுத்தாலும் பரிசோதனை அப்படியே நடக்க வேண்டும், நடக்கும். யாராவது இரண்டையும் சேர்த்துப் பேசினால் தவறு அவர்களுடையது. நீங்கள் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்றுதான்: ஆராய்ச்சி மேல் உள்ள கோபத்தில் குதிகால் பரிசோதனையையே மறுப்பது. அட்டையை அழிக்கச் சொல்லிப் பின்னால் கேட்கும் வழி பல இடங்களில் இருக்கிறது. தவறவிட்ட நாட்களைத் திரும்பப் பெற வழியில்லை.

சம்மதம் கொடுத்தது நான். பிள்ளை பெரியவனானதும் வேண்டாம் என்றால்?

அவன் பேச்சுதான் செல்லும். உங்கள் கையெழுத்து, அவன் முடிவெடுக்கும் வயது வரைக்கும் அவன் சார்பாகப் போட்டது. பதினெட்டு வயதானவர் தன் அட்டையை விலக்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும். ஏற்கெனவே வெளியான ஆய்விலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியாது, இனிமேல் பயன்படுத்தாமல் நிறுத்தலாம். நடைமுறைச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: தன் பேரில் இப்படி ஓர் அட்டை இருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. தடுப்பூசி அட்டையோடு சம்மதப் படிவத்தின் நகலையும் எடுத்து வையுங்கள். ஒரு நாள் அவனிடம் காட்டிச் சொல்லுங்கள்.

எங்கள் குழந்தை நாலு மாதத்தில் தூக்கத்திலேயே போய்விட்டாள். அந்த அட்டை இன்னும் இருக்குமா?

இருக்கலாம். இன்றே கேளுங்கள், ஏனென்றால் சேமிக்கும் கெடு முடிந்தால் அழித்துவிடுவார்கள். காரணம் தெரியாமல் இறந்த குழந்தைகளில் சிலருக்குக் கொழுப்பை எரித்துச் சக்தியாக்க முடியாத கோளாறோ, இதயத் துடிப்பைக் குலைக்கும் மரபணுக் கோளாறோ இருந்தது, சேமித்த ரத்தத்தில் பார்த்தபோது பின்னால் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் பதில் கிடைப்பதில்லை. கிடைத்தால், அடுத்த குழந்தையைப் பிறந்த நாளிலிருந்தே காப்பாற்றும் வழி தெரியும். மரபியல் மருத்துவர் ஒருவர் வழியாகக் கேட்பது சுலபம், பெற்றோர் என்ற முறையில் நீங்களே எழுதியும் கேட்கலாம்.

சோதனைக்கு வேண்டாம், அட்டை மட்டும் வேண்டும் என்று கேட்ட தாய்மாரும் உண்டு. நியூசிலாந்து போன்ற நாடுகளில் குடும்பத்தார் கேட்டால் அட்டையைத் திருப்பித் தருகிறார்கள். குழந்தையின் உடம்பிலிருந்து மிச்சமிருப்பது அந்த ஐந்து பொட்டுகள் மட்டும்தான் என்றால், அதைக் கேட்பதற்கு அந்தத் தாய் வேறு எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை.